இடது பக்கம் இழுக்கும் விமானம்

பழைய விமானத்தைப் புது கம்ப்யூட்டரில் பறக்க வைப்பது என் தொழில். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இப்படி ஒரு தொழில் செய்ய முடியும் என்பதை என் மாமனார் இன்றுவரை நம்பவில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழக சிமுலேட்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால், வேலைவெட்டி முடித்து வந்த சில புண்ணியவான்கள் அதற்காக ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்துப் பார்த்து விமானங்களைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தார்கள். இப்போது சிமுலேட்டர் புதிதாகிவிட்டது. பழைய விமானத்தை அதில் ஏற்றினால் கண்ணாடி தெரியாது, முள் அசையாது, சக்கரம் சுற்றாது. அதைப் பிரித்துப் போட்டு, ஒட்டுப்போட்டு, புதியதில் பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜோடி கால் பெடல், ஒரு முப்பிடாதி. இதுதான் என் விமானத் தொழிற்சாலை. முப்பிடாதி முன்பு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தவன். இப்போது என்னிடம் விமானங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான்.

"கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒரே ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அதன்பிறகு சொந்தக்காரர் வீட்டு பிரிண்டருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துத் திரியும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

எப்போது என்று போடவில்லை

ஒவ்வொரு பழைய விமானத்தோடும் ரீட்மீ என்று ஒரு சின்னக் கோப்பு வரும். "என்னைப் படி" என்று பெயரிலேயே கெஞ்சுகிற கோப்பு அது ஒன்றுதான். அதை உலகத்தில் ஒருவரும் திறந்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு வங்கி மேனேஜர், ரிட்டயர் ஆனவர். நான் பாதி முடித்த விமானங்களைச் சோதித்துச் சொல்கிறேன் என்று என்னோடு ஒட்டிக்கொண்டவர். ஓசியில் பறக்கலாமே! ஒருநாள் காலையில் ஏழு தடவை போன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையாம். கம்ப்யூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டாராம். மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினாராம். கடைசியில் ஒரு மெக்கானிக்கையே வரவழைத்துவிட்டார்.

"பேட்டரி சுவிட்சைப் போட்டீர்களா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்றார். ரீட்மீயில் முதல் வரியே அதுதான் என்றேன். முப்பத்தைந்து வருஷம் ஊர்க்காரர்களின் விண்ணப்பத்தையெல்லாம் "சரியாகப் படித்துவிட்டு நிரப்புங்கள்" என்று திருப்பி அனுப்பிய மனிதர், கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "அதுல என்னைப் படின்னுதானுங்க போட்டிருந்துது, எப்பன்னு போடலீங்களே."

அப்பா கொடுத்த ஒரு வருஷம்

போன தை மாதம் சிவகிரியிலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மகள் பியூலாவும் பஸ் ஏறி வந்தார்கள். பியூலா பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வருஷத்துக்கு ஒரே ஒரு சலுகை இடம் உண்டு. அதற்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். இனி நிஜ விமானத்தில் பக்கத்தில் ஒரு கேப்டன் உட்கார்ந்துகொண்டு, ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். அதற்கு ஆறு வாரம் இருந்தது. அந்தப் பள்ளியில் இருப்பது இரண்டு பேர் உட்காரும் ஒரு பழங்காலப் பயிற்சி விமானம். அந்த ரகத்தைப் புது சிமுலேட்டருக்கு யாரும் செய்யவில்லை. பழைய சிமுலேட்டருக்கு ஒரே ஒருவர், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், செய்து வைத்திருந்தார். அதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். கையில் ஒரு நோட்டு. அதில் கேள்விகளை நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

முடியும் என்றேன். முடியாது என்று நான் எதையும் சொன்னதில்லை, அதுவே என் வியாதி. என்னிடம் கால் பெடல் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் ஆராதனை முடிந்து இங்கே வந்தே பழகட்டும் என்றும் சொன்னேன். வாத்தியார் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பிடாதி வரைந்துகொண்டிருந்த விமானத்தின் வாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இவளுக்கு ஒரு வருஷம் குடுத்திருக்கேன். கெடச்சா பறக்கட்டும். கெடைக்கலன்னா பி.எட்., பெறகு பேச்சு கெடையாது. பாத்துச் செய்யுங்க."

றெக்கை இல்லாத ஃபேன்

வேலையை ஆரம்பித்தோம். புது சிமுலேட்டரில் விமானத்தை ஏற்றி இன்ஜினைப் போட்டதும் ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு கறுப்புத் தட்டு வந்து நின்றது, தோசைக்கல் மாதிரி. பழைய முறையில் சுற்றுகிற புரொப்பல்லரை அரைகுறையாகத் தெரியும் ஒரு வட்டப் படமாக வைத்திருப்பார்கள். புதியதற்கு அந்த அரைகுறை புரியாது. ஒன்று தெரியும், இல்லை மறைக்கும். இதைச் சரிபண்ணு என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டு மாரியம்மன் கோவில் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் கறுப்புத் தட்டு இல்லை. புரொப்பல்லரும் இல்லை. இன்ஜினை அணைத்தாலும் இல்லை. மூக்கு அறுந்த சூர்ப்பணகையாக நிற்கிறது விமானம். ஏலே, எங்கலே புரொப்பல்லர் என்றேன். ஃபிளெக்ஸில் மாப்பிள்ளையின் வழுக்கையை அழித்துப் பழகிய கை அல்லவா, கொஞ்சமும் பதறாமல் சொன்னான்: "சுத்துற ஃபேன்ல றெக்க தெரியுமா அண்ணாச்சி? தெரியாதத எதுக்கு வரையணும்?"

அசையாத முள்

அடுத்தது விமானத்துக்குள்ளே இருக்கும் மீட்டர்கள். பழைய விமானத்தில் ஒவ்வொரு மீட்டரும் ஒரு குட்டி புரோகிராம். அது ஒன்றைக்கூடப் புது சிமுலேட்டர் உள்ளே விடாது. மீட்டர் இருந்த இடத்திலெல்லாம் ஓட்டை. நான் வேறு விமானங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கடன் வாங்கிப் பொருத்தினேன். உயரம் காட்டும் மீட்டர் மட்டும் எதிலிருந்து எடுத்தாலும் பொருந்தவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் பளபளவென்று ஒரு மீட்டர். முப்பிடாதி கைவண்ணம். அழகாக இருந்தது. ஏறினாலும் இறங்கினாலும் இரண்டாயிரம் அடி என்றே காட்டியது. படம்தானே! கத்தினேன். அவன் சொன்னது: "ஒசரம் மாறாம இருந்தா ஓட்டுதவுகளுக்குப் பயமில்லல்லா அண்ணாச்சி?"

வயிறு வரை ரோடு

இதே விமானத்தை ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் விமானவியல் துறையும் கேட்டது. ஊர் பேர் வேண்டாம். அங்கே ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கிறது. அதில் பூட்டு இருக்கிறது. ஆய்வுக் குழு வருகிற வாரம் மட்டும் சாவியும் இருக்கும். துறைத் தலைவர் அவசரப்படுத்தியதால், முடியாத வேலையை அனுப்பிவைத்தேன். விமானத்தின் எந்தப் புள்ளி தரையைத் தொடும் என்று ஒரு பட்டியல் உண்டு. பழையது ஒரு கணக்கில் இருக்கும், புதியது வேறு கணக்கில் எடுத்துக்கொள்ளும். பட்டியல் பிசகினால் விமானம் ஒன்று பந்து மாதிரி குதிக்கும், இல்லையென்றால் மண்ணுக்குள் இறங்கும். அவர்களுக்குப் போனது இறங்குகிற ரகம். ஓடுபாதையில் வயிறு வரை புதைந்து, வயலில் நாற்று நடுகிற மாதிரி நின்றது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு நாள் கொடுங்கள், சக்கரத்தை வெளியே எடுத்துவிடுகிறேன் என்றேன். விமானம் எப்படிப் பறக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற துறைத் தலைவர், எனக்கு ஆறுதல் சொன்னார்: "டென்ஷன் ஆகாதீங்க சார், கமிட்டி மெம்பர்ஸ் ஜன்னலுக்கு மேலதான் பாப்பாங்க."

தறி இன்ஜின்

எங்கள் கடைக்குப் பின்னால் நான்கு விசைத்தறி ஓடுகிறது. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் கடகடவென்று சத்தம். எங்களுக்கு அது பழகி, நின்றால்தான் காதை அடைக்கும். ஒருநாள் அதே துறைத் தலைவர் போன் செய்து, இன்ஜின் சத்தமே வரவில்லை என்று குறைப்பட்டார். பழைய ஒலிக் கோப்புகள் புதியதில் வேலை செய்யாது, வேறு பதிவு தேடிக்கொண்டிருக்கிறேன், ஒரிஜினல் இன்ஜினின் சத்தம் கிடைப்பது கஷ்டம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்தார்: "அதான் இப்பவே பின்னாடி சூப்பரா கேக்குதே சார், அதையே போட்டு விட்ருங்க!"

ஒன்று, சைபர்

நான்காவது வாரத்தில் ஒருவழியாக எல்லாம் ஒட்டிவிட்டது. புரொப்பல்லர் வந்துவிட்டது, முள் அசைந்தது, சக்கரம் தரைக்கு மேலே வந்தது. சோதித்துப் பார்க்க மேனேஜருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன். "ஏனுங்க, ரன்வேல ஓடறப்ப எடது பக்கமாவே இழுக்குதுங்க. புல்லுல போய் நிக்குதுங்க. டயர் பஞ்சருங்களா?" என்றார். கம்ப்யூட்டர் விமானத்தில் பஞ்சர் பார்த்த முதல் ஆத்மா. சாயங்காலம் துறைத் தலைவரும் அதையே சொன்னார். அவருடைய மாணவர்கள் எல்லாரும் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தார்களாம்.

நானே ஓட்டிப் பார்த்தேன். இன்ஜினை முழு வேகத்துக்குக் கொண்டுபோனதும் மூக்கு இடது பக்கம் திரும்பியது, ஊர் மாடு தெரிந்த வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. அமைப்புக் கோப்பைத் திறந்தேன். இன்ஜினின் இழுப்பு விமானத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒரு வரி. அதில் ஒன்று என்று இருந்தது. பாவம், செய்த மனுஷனுக்குக் கணக்கு பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை அழகாகச் செய்தவர் இதில் கோட்டை விட்டாரே என்று உச்சுக்கூடக் கொட்டினேன். ஒன்றை அழித்து சைபர் போட்டேன். அரை நிமிஷ வேலை. விமானம் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அவருடைய ரீட்மீயின் தலையில் "சரிசெய்து வழங்குபவர்" என்று என் பெயரை ஏற்றி, எல்லாருக்கும் அனுப்பினேன். மேனேஜர் உடனே கூப்பிட்டுப் பாராட்டினார்: "இப்பத்தானுங்க பிளேன், பிளேன் மாதிரி போகுது."

வலது கால்

பியூலா ஞாயிறு தவறாமல் வந்தாள். பைபிளும் நோட்டும் ஒரே பையில் இருக்கும். மேனேஜரின் "எப்பன்னு போடலீங்களே" கதையை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். வேகமாகக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது தடவையே தரையில் இறக்கியது எனக்கே தெரியாத அளவுக்கு இறக்கினாள். முப்பிடாதி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். என் கையால் ஒரு பைலட் உருவாகிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை. ஜவுளிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் ஓடுபாதையில் நின்றுகொண்டு அவள் நோட்டைப் புரட்டினாள். "அண்ணாச்சி, ஏறும்போது வலது கால மிதிச்சுப் பிடிக்கணும்னு ஒரு புஸ்தகத்துல போட்டிருக்கே?" என்றாள். நான் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று கேட்கிறீர்களா? பேட்டரி சுவிட்ச் தெரியாத மேனேஜரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. "புஸ்தகம் எழுதுனவன் இந்த பிளேன ஓட்டுனானா? கால சும்மா வையி மக்கா, அது பாட்டுக்கு நேராப் போகும்" என்றேன். மிதிக்காமல் ஓட்டிப் பார்த்தாள். நேராகத்தான் போனது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி."

பி.எட். விண்ணப்பம்

மாசியில் தேர்வுக்குப் போனாள். நான்காம் நாள் அப்பாவும் மகளும் கடைப் படியேறி வந்தார்கள். படியேறுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பியூலாதான் சொன்னாள். அழவில்லை. கேப்டன் அவளை ஓடுபாதையில் முழு வேகம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் திரும்பியிருக்கிறது. இவள் இரண்டு காலையும் சும்மா வைத்துக்கொண்டு, விமானத்தில் ஏதோ கோளாறு என்று அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். புல்லுக்குப் போவதற்குள் அவரே வலது பெடலை ஓங்கி மிதித்துத் திருப்பினாராம். இரண்டாவது தடவையும் இவள் கால் எழும்புவதற்குள் அவர் மிதித்துவிட்டார். மேலே போனபிறகு எல்லாம் நன்றாகத்தான் செய்தாளாம். இறங்கியதும், "கை நல்லாப் பழகியிருக்கு, கால் செத்துக் கிடக்கு. யார்கிட்ட பழகுன?" என்று கேட்டாராம். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

மூக்கில் ஒரே புரொப்பல்லர் வைத்த நிஜ விமானம் பெரும்பாலும் முழு வேகத்தில் இடது பக்கம்தான் இழுக்குமாம். வலது காலால் பிடிப்பதுதான் முதல் பாடமாம். அதை நான் கோளாறு என்று சரிசெய்திருக்கிறேன். வாத்தியார் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து என் மேஜையில் வைத்தார். "தம்பி, பி.எட்.டுக்கு ஆன்லைன்லதான் அப்ளிகேஷன் போடணுமாம். நீங்கதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவுக, கொஞ்சம் போட்டுக் குடுத்திருங்க."

முப்பத்தொன்றாவது வரி

போட்டேன். பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் என்று ஒவ்வொன்றாக அடித்தேன். கை வேலை செய்தது, நான் அங்கே இல்லை. பியூலா அடுத்த கம்ப்யூட்டரில் எதையோ திறந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிநாட்டுக்காரரின் ரீட்மீ. நாற்பது வரி. மேலே என் பெயர். அண்ணாச்சி இங்க பாருங்க என்று கூப்பிட்டாள். முப்பத்தொன்றாவது வரியில் விரலை வைத்து, எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "முழு வேகத்தில் இந்த விமானம் இடது பக்கம் இழுக்கும். கோளாறு என்று நினைப்பீர்கள். கோளாறு இல்லை, நிஜம் அப்படித்தான். வலது காலை மிதியுங்கள். தயவுசெய்து அந்த ஒன்றை சைபர் ஆக்காதீர்கள்." இருபது வருஷத்துக்கு முன்னால், என்னை மனதில் வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இருந்தது.

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டு எதையோ வரைவது போல இருந்தான். நான் நாலு வரி படித்ததுமே மூடிவிட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதுகூடப் பொய். நான் ஒரு வரியும் படிக்கவில்லை. என் பெயரை ஒட்ட இடம் தேடியதுதான். பியூலா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்: "இதுல என்னைப் படின்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி. கஸ்டமர் மட்டும் படின்னு போடலையே."

அன்றே அந்த சைபரை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டு எல்லாருக்கும் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது எங்கள் விமானம் ஒழுங்காக இடது பக்கம் இழுக்கிறது, பியூலா ஞாயிறுதோறும் பி.எட். நோட்டை ஓரமாக வைத்துவிட்டு வலது காலால் அதை நேராக்குகிறாள், பிளேன் மறுபடியும் கெட்டுப்போச்சு என்று தினமும் போன் பண்ணுகிற கோயம்புத்தூர் மேனேஜரிடம் "ரீட்மீ படிச்சீங்களா?" என்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் எனக்குத்தான் புரையேறுகிறது.